வண்டியைக் காட்டுங்கள், அப்புறம் அட்வான்ஸ் கேளுங்கள்

ஒருவழியாகப் பழைய கார் ஒன்றை வாங்கி, பதிவில் பெயரையும் மாற்றியாயிற்று. வண்டி நன்றாக ஓடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதை வாங்குவதற்குள் பட்ட பாட்டை நினைத்தால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இதற்கு முன் நான் பழைய கார் வாங்கியது பேப்பரில் வரி விளம்பரம் வந்த காலத்தில். மாடல், வருடம், 'ஒரே கை' என்று ஒரு வார்த்தை, போன் நம்பர், அவ்வளவுதான். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவோம். அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினால் பேசாமல் திரும்பிவிடுவோம். அப்போது விற்பனைக்கு ஒரு வண்டி கண்ணில் படுவதே பெரும்பாடு. இப்போது உட்கார்ந்த இடத்திலேயே நூற்றுக்கணக்கில் பார்க்கலாம், விலையை ஒப்பிடலாம், அந்த வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பிடித்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்க்க விடுகிறார்களா என்றால், அங்கேதான் சிக்கல்.

முதலில் பேசிய இடத்தில், முன்பணம் கட்டினால்தான் வண்டியை எடுத்து வைப்போம் என்றார்கள். பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வராதாம், வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாமாம். முடியாது என்று சொல்லிவிட்டு நேரில் போய் நின்றால், "இப்பதான் சார் அது போச்சு, அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு" என்று வேறொரு வண்டியைக் காட்டினார்கள். போன வண்டியின் விளம்பரம் மட்டும் பல நாள் அப்படியே நின்றது. அதிலிருந்து, கிளம்புவதற்கு முன் வீடியோவில் அழைத்து, வண்டியைச் சுற்றிக் காட்டச் சொல்லி, சேஸிஸ் நம்பரையும் மீட்டரையும் பார்த்த பிறகுதான் வீட்டை விட்டு இறங்கினேன். தயங்குகிறார்களா, போகாதீர்கள், பெட்ரோலாவது மிஞ்சும்.

அடுத்த தலைவலி, விற்பவர் கொடுக்கிற பரிசோதனை அறிக்கை. பக்கம் பக்கமாகப் பச்சை டிக். டயருக்கும் 'நன்று'. குனிந்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில், தயாரிப்புக் குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த வண்டியில் நான்கு டயரும் கார் வெளிவந்து சில வருடங்கள் கழித்துத் தயாரானவை, அவையும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. மீட்டரோ வண்டி வெறும் 28 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியதாகச் சொல்லுகிறது. முதல் செட் டயரே தேயாத தூரத்தில் இரண்டாவது செட் எப்படித் தேயும்? விற்பனையாளர் அசராமல், பழைய ஓனர் அடிக்கடி டயர் மாற்றுவார் என்றார். நல்ல பொழுதுபோக்கு!

பழைய உருளை மீட்டரைத் திருப்பினால் எண்கள் கோணல்மாணலாக நிற்கும், பார்த்தாலே பிடித்துவிடலாம். டிஜிட்டல் மீட்டரில் அந்த வசதி போயிற்று, ஒரு சின்னக் கருவியைச் செருகினால் எண் மாறிவிடுகிறது. சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவைக் கேட்கலாம் என்று போன் செய்தால், ஓனர் கேட்டால்தான் தருவோம் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நடுவில் கை மாற்றிவிடுகிற ஆளுக்கு அந்த ஓனரைக் கூப்பிட மனசு வருவதில்லை.

இந்தக் காலம் கொடுத்த ஒரே உருப்படியான ஆயுதம், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996-லிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் அது கட்டாயம். புளூடூத் அடாப்டரைச் செருகி போனில் பார்த்தேன், ஒரு கோளாறும் காட்டவில்லை. ஆனால் 'கோளாறுகளை அழித்த பின் ஓடிய தூரம்' என்று ஒரு கணக்கு உள்ளே இருக்கிறது. அது ஒற்றை இலக்கக் கிலோமீட்டர்! வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பட்டியலிலும் பாதி முடியாமல் கிடந்தது. நான் வரப்போகிறேன் என்றுதான் கோளாறுகளைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். போனைத் திருப்பிக் காட்டினேன், பச்சை டிக் மனிதருக்கு அவசர அழைப்பு ஒன்று வந்துவிட்டது.

கடைசியில் ஒரு ஓனரிடமே நேராக வாங்கினேன். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னாலேயே போய் போனட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன், வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் சேற்றுக்கறை அங்கே ஒளிந்திருக்கும். எல்லாம் சரி.

காகிதம்தான் சரியில்லை. ஓனர் கடனை எப்போதோ அடைத்துவிட்டார், பதிவில் அடமானக் குறிப்பு மட்டும் நீங்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் தந்த கடிதத்தைப் பதிவு அலுவலகத்துக்கு எடுத்துப் போனால், சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அடித்திருக்கிறார் கடன் நிறுவன ஊழியர். திரும்பப் போய்க் கேட்டால், "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு." அந்த 17 இலக்க எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்தும் வரவே வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக்கூடாது என்றுதான் விலக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நான் என்னவோ விடுகதை போட்ட மாதிரி பார்த்தார். மேலதிகாரியிடம் போன பிறகுதான் திருத்திய கடிதம் வந்தது. கடிதம் கைக்கு வந்ததும், அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பெயர் மாறும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கவும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இன்னொன்று, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போதைய கார்கள் ஓனரின் போனோடு இணைந்திருக்கின்றன. இரண்டாவது சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, வண்டி ஆப்பிலிருந்து கணக்கை நீக்கிவிடுங்கள் என்றேன். அட, அதை மறந்தே போனேன் என்று திறந்து காட்டினார். வண்டி நிற்கும் இடம் வரைபடத்தில் தெரிந்தது, கதவைத் திறக்கும் பொத்தானும் இருந்தது. என் கண் முன்னாலேயே நீக்கினார், அதன் பிறகுதான் வண்டியை எடுத்தேன்.