காத்தாயி மலையேறும் முன்

பெப்ரவரி 8

ஆசுபத்திரியில் அம்மாயிக்கு இன்று மூச்சு கொஞ்சம் தேவலை. கஞ்சி அரைக் கோப்பை இறங்கியது. கதைக் கொப்பியைத் தொடவில்லை.

பெப்ரவரி 9

நான் எழுதும் கதையில் காத்தாயியும் கூட்டமும் மூன்றாவது கிணற்றடியை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். கடற்கரையில் புறப்பட்டபோது இருந்த வேகம் இல்லை. தண்ணீர்தான் காரணம் என்று நினைக்கிறேன். இத்தனை பேருக்கு எத்தனை குடம் வேண்டும், யார் சுமப்பது, முதல் மிடறு பிள்ளைக்கா கிழவிக்கா? இதைத் தீர்க்காமல் சிறுத்தையோடு சண்டை எழுதி என்ன பயன்?

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, நம் சனம் இங்கே வந்து இருநூறு வருசம் ஆனதை நினைத்து, மலையகம் 200 நடைபயணம் போனார்களே, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை. நான் தம்புள்ளையில் போய்ச் சேர்ந்துகொண்டேன். தார் ரோட்டில், செருப்புப் போட்டு, வழியெல்லாம் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தும் எனக்குக் குதிகால் வெடித்துவிட்டது. ராத்திரி தரையில் படுத்திருந்தபோது முன்பின் தெரியாத ஓர் அம்மா என் காலை இழுத்து மடியில் வைத்து, கொப்புளத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவினார். பேர் கேட்கவில்லை. பண்டாரவளைப் பக்கம் என்று மட்டும் சொன்னார். கதையில் வரும் மருத்துவச்சிக்கு அவருடைய கைதான்.

1820களிலிருந்து நம் சனம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு அப்படித்தானே வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளைக்கு. ரயில் வரும்வரை வெறுங்கால்தான். காலராவில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணி கூட வருவார், ஆனால் அவர் காவல் இல்லை. அவர் கையில் இருந்தது எல்லோருடைய கடன் கணக்கு. அப்படியென்றால் அந்தக் காட்டில் ராத்திரி விழித்திருந்தது யார்? குழந்தை அழுதால் எழுந்தது யார்? இந்தக் கேள்வியிலிருந்துதான் காத்தாயி வந்தாள்.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. தேயிலைக்குப் பிறகுதான் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அதனால்தான் அவளை நம் வரலாற்றுக்குள் வைக்காமல் வேறோர் உலகத்துக்குள் வைத்தேன். அங்கே ஒரு பெண் கூலிக்குக் காவல் போகலாம். கடலிலிருந்து மலைக்கு ஆள் கொண்டுபோய் விடுவது, மறுபடி கடலுக்கு இறங்குவது, அதுவே அவள் தொழில்.

பெப்ரவரி 10

மழை இல்லை. குளிர் மட்டும் விடவில்லை.

பெப்ரவரி 12

வார்ட்டில் நர்ஸ் மிஸ் மாறியிருக்கிறார். புதிய மிஸ் படிவத்தை நீட்டி, "நீங்க யாரு, மகளா?" என்றார். இல்லை. "பேத்தியா?" அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பரா என்று எழுதினால் ராத்திரி தங்க விடுவார்களா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அம்மாயி கண்ணைத் திறக்காமலே, "எழுது புள்ள, மவ வூட்டுப் பேத்தின்னு எழுது" என்றார். அம்மாயிக்கு மகளே கிடையாது.

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். மிஸ் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டார். நல்ல மனுசி.

பெப்ரவரி 14

இன்று லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போய்த் துணி எடுத்து வந்தேன். குட்டி வாசலிலேயே காத்திருந்தான். "அக்கா, காத்தாயி ஏன் வாள் வச்சிருக்கல? கவ்வாத்துக் கத்தியால எப்படிச் சண்டை போடுவா?"

அவனைக் கூட்டிக்கொண்டுபோய் அம்மாயி காம்பராவில் கூரைக்குக் கீழே செருகியிருந்த தாத்தாவின் கத்தியை எடுத்துக் காட்டினேன். நுனி வளைந்தது. பிடியில் பெருவிரல் உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம், தாத்தாவின் விரல் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது. குட்டி தன் விரலை அதில் வைத்துப் பார்த்தான். பள்ளம் அவனுக்கு மிகவும் பெரிது. அப்புறம் வாளைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் இன்னொன்று கேட்டான். வளைவுக்கு வளைவு நிற்கும் சாமிகள் வழி சொல்வதற்குக் கூலியாக ஒரு நினைவைக் கேட்கின்றன இல்லையா, காத்தாயி இதுவரை எதையெல்லாம் கொடுத்துவிட்டாள் என்று. சொன்னேன்: பிறந்த ஊர், முதல் முதலில் தின்ற மாம்பழம், அம்மாவின் முகம். முகம் என்றதும் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் அம்மா குவைத்துக்குப் போனபோது அவனுக்கு இரண்டு வயது. என் அம்மா போனபோது எனக்கு ஏழு. அம்மாயிதான் அன்று ராத்திரி என்னைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் பாயில் போட்டார்.

பெப்ரவரி 15

காத்தாயிக்கு நினைவு குறையக் குறைய, மற்றவர்கள் அவளுக்காக வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவச்சிக்கு அவள் அம்மாவின் பேர் தெரியும். தப்பு மேளம் அடிக்கும் தப்புக்காரருக்கு அவள் ஊர்ப் பாட்டுத் தெரியும். கூட்டத்தில் வரும் பையன் சின்னான் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணுகிறான். அவள் காவல் காப்பது அவர்கள் உயிரை. அவர்கள் காப்பது அவளை. இதை யார் வாயிலும் வைத்துச் சொல்லக் கூடாது. சமைக்கும்போது, கால் கழுவும்போது தெரிய வேண்டும்.

பெப்ரவரி 17

கோடியில் நிற்கும் ஒற்றைக் கோப்பிச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் செம்மஞ்சள் பொட்டுப் பொட்டாக. தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறது. 1869இல் இதுதான் முதன்முதலில் இங்கே தெரிந்தது. கொஞ்ச வருசத்தில் கோப்பித் தோட்டங்கள் படுத்துவிட்டன. துரைமார் தேயிலைக்கு மாறிவிட்டார்கள். கூலி கிடைக்காமல் பட்டினி கிடந்தவர்களின் கதையைத்தான் யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை.

காத்தாயியைத் துரத்துவது இந்த இலைத் துருதான். கொம்பு வைத்த அரக்கன் வேண்டாம். காற்றில் வரும், சத்தம் இல்லை, வெட்டினால் சாகாது. இலை இலையாகத் தின்றுகொண்டே பின்னால் வரும். விரலில் ஒட்டியதைக் கழுவிய பிறகும் மணந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மணம் எதுவும் இல்லை.

பெப்ரவரி 20

மேட்டு லயத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டார்கள். இனி ராத்திரிக்கு ராத்திரி தப்புச் சத்தம்தான். ஆசுபத்திரிக்குத் திரும்பும் முன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பழைய பேப்பரைக் கொளுத்தி, அந்தத் தீயில் தோலைக் காட்டிக் காட்டிச் சூடேற்றுகிறார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், திருப்தி இல்லையென்றால் மறுபடி தீ. சரியாக ஏறியதும் தப்படிக்கும் தாத்தா ஒருவர் தலையை மட்டும் ஆட்டினார்.

என் தப்புக்காரருக்கு வழி கிடைத்துவிட்டது! அந்தக் காலத்தில் விடியுமுன்னே பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆள் எழுப்பியதும் இதே தப்புதான். அவர் ஒரு நாள் அடிக்கவில்லை. குளிர்க் காய்ச்சலில் கிடந்தவர்களை எழுப்ப மனம் வராமல் தப்பைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்துவிட்டார். இப்போது கூட்டம் தூங்குவதற்காக அடிக்கிறார். யானை கிட்டே வராது.

பெப்ரவரி 21

எல்லோரும் கேட்கிறார்கள், "ஒனக்கென்ன தலையெழுத்து, சொந்தமா பந்தமா" என்று. கடையில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இன்று ஒருத்தருக்கும் பதில் சொல்லவில்லை.

பெப்ரவரி 23

இந்தியாவில் கோத்தகிரியிலிருந்து அம்மாயியின் தங்கச்சி சின்னம்மாயி வாட்சப்பில் வந்தார். அவர் பேத்திதான் போனைப் பிடித்திருந்தாள். சுவரும் பச்சை, பின்னால் தெரிந்த மலையும் பச்சை, தேயிலை. ஒரு நிமிசம் நம் தோட்டம் என்றே நினைத்தேன்.

1964 அக்டோபர் 30இல் இலங்கையும் இந்தியாவும் நம் சனத்தைப் பங்கு பிரிக்க ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதியைப் பிறகு பேசலாம் என்று. யாரும் இவர்களைக் கேட்கவில்லை. அம்மாயியின் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். தாத்தா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். எழுபதுகளில் ஒரு நாள் அட்டன் ஸ்டேசனில் அம்மாயி நின்றார், தங்கச்சி கோச்சிக்குள் இருந்தார். அந்தக் கோச்சிக்கு இங்கே அழுகைக் கோச்சி என்றுதான் பேர். தலைமன்னார் வரை ரயில், அப்புறம் கப்பல். தாத்தாமார் நடந்து வந்த பக்கமாகவே பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

சின்னம்மாயி அழவில்லை. "அக்கா, பல்லு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். அம்மாயி வாயைத் திறந்து காட்டினார். இவர் காட்ட, அவர் காட்ட, வார்ட்டே சிரித்தது. பிறகு சின்னம்மாயி, "பக்கத்துல யாரு இருக்கா ஒனக்கு?" என்றார். அம்மாயி என் கையைப் பிடித்து இழுத்து போனுக்கு முன்னால் நிறுத்தினார். பேர் சொல்லவில்லை, உறவும் சொல்லவில்லை. சின்னம்மாயி ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போயிருக்கா, சாப்புட்டுச்சான்னு கேளு" என்றார்.

பெப்ரவரி 24

கடைசி வளைவு. அங்கேதான் மாட்டிக்கொண்டேன், ராத்திரி முழுக்க இதே யோசனை.

மலைவாசலில் நிற்கும் சாமி துண்டு கேட்கும். கடன் தீர்ந்தது என்று எழுதிய துண்டு இல்லாதவன் உள்ளே போக முடியாது. நம் தோட்டங்களிலும் 1921 வரை அப்படித்தான், துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அப்பா அம்மாவின் கடன் சின்னான் தலையில் இருக்கிறது. அவனிடம் துண்டு இல்லை. துருவும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. சாமி சொல்கிறது: துண்டுக்குப் பதில் நினைவு கொடு. காத்தாயியிடம் மிச்சம் இருப்பது ஒரே நினைவு, சின்னானைப் பற்றியது. முதல் நாள் கடற்கரையில் அவள் முந்தானையைப் பிடித்தானே, அதிலிருந்து எல்லாம்.

கொடுத்தால் அவன் பிழைப்பான். அவள் அவனைத் தாண்டி நடந்து போவாள், யாரோ ஒரு பையன் என்று. காவல்காரியின் தர்மம் அதுதான் என்று ஒரு மனம் சொல்கிறது. கொண்டுவந்து சேர்ப்பதுதானே வேலை, சேர்த்தாயிற்று, போ. எழுதவும் நன்றாக வரும், படிப்பவர்கள் அழுவார்கள். ஆனால் அப்படி அழவைக்க எனக்கு மனம் இல்லை. பெண் என்றால் கடைசியில் தன்னையே கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எத்தனை கதை கேட்டாயிற்று. தோட்டத்தில் கூடை சுமந்த எந்தக் கிழவியைக் கேட்டாலும் கொடுத்த கணக்குத்தான் சொல்வார்கள். காத்தாயியிடமும் நான் அதையே கேட்பதா?

மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம் என்று குட்டி போனில் சொன்னான். "ஏன் அவ மட்டும் குடுக்கணும்?" நல்ல கேள்விதான். ஆனால் தப்புக்காரர் பாட்டை மறந்தால், மருத்துவச்சி மருந்தை மறந்தால், உள்ளே போவது யார்?

அம்மாயிக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறி என்னைத் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டார். "கோச்சி போயிருச்சா?" என்றார். போகவில்லை அம்மாயி, நிற்கிறது என்றேன்.

பெப்ரவரி 26

காய்ச்சல் இறங்கவில்லை.

பெப்ரவரி 28

நோர்வூட் தாண்டியதிலிருந்து பஸ் நகரவே இல்லை. சிவனொளிபாத மலைக்குப் போகும் வேன்கள் நீளத்துக்கு நிற்கின்றன. ஜன்னலில் மவுசாகலை நீர்த்தேக்கம். 1969இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் இதற்குள்தான் போனது. நல்ல வறட்சியில் கோயிலும் பள்ளிவாசலும் புத்தர் சிலையும் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். சாமி தண்ணிக்குள்ள இருந்தாலும் சாமிதான் என்பார் அம்மாயி. அவர் அந்த டவுனில் வளையல் வாங்கியிருக்கிறார். கடையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுவரை சொல்வார்.

பஸ்ஸிலேயே எழுதினேன். மலைவாசலுக்குக் கீழே ஒரு முழுகிய ஊர் இருக்கிறது. யாரிடமும் துண்டு கேட்காத ஊர்.

மார்ச் 1

எக்ஸ்ரே பார்த்துவிட்டு டொக்டர் கண்டிக்கு அனுப்பச் சொன்னார். பயப்பட வேண்டாம், அங்கே வசதி அதிகம் என்றார். நிதானமாக, நான் கேட்டதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னார். கூடப் போக ஒருத்தருக்கு இடம் உண்டு.

குட்டியின் பாட்டி ஐயாயிரம் ரூபாய் முடிந்து கொடுத்தனுப்பியிருக்கிறார். திரீவீல் தம்பி வாடகை வாங்கவில்லை. மேட்டு லயத்தில் காமனுக்கு விரதம் இருப்பவர்கள் அம்மாயி பேரைச் சொல்லிச் சூடம் கொளுத்தினார்களாம்.

மார்ச் 2

அவர்கள் மலைவாசலுக்குள் போகவில்லை. முடிவு பண்ணிவிட்டேன். காத்தாயி சாமியிடம், "உன் வாசலை நீயே காவல் பார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறாள், எல்லோரும் பின்னால் வருகிறார்கள். துருவை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. நெருப்பா, தண்ணீரா, பார்க்கலாம். கொப்பியைக் குட்டியிடம் கொடுத்துவிட்டேன். ஓரத்தில் என்ன வேண்டுமானாலும் எழுது, தப்புக்காரரை மட்டும் சாகவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் விடிய ஐந்தரைக்கு. கினிகத்தேனை வளைவுகள் அம்மாயிக்கு ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும். எலுமிச்சங்காய் வேண்டும். கடை பூட்டியிருப்பார்கள், பக்கத்துக் கட்டில் அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறேன். சுடுதண்ணிப் போத்தல், இரண்டு சேலை, கம்பளி, அடையாள அட்டை, சின்னம்மாயி நம்பர்