காற்று நின்ற பிறகு வந்த அழைப்புகள்

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. மலேசியாவின் பினாங்கில் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக எனக்கு இரவு வேலை. வெள்ளம் எங்களுக்குப் பழக்கம். அன்றிரவு அதோடு சேர்ந்து வந்த காற்றுதான் புதிது. பூமத்திய ரேகைக்கு இத்தனை பக்கத்தில் புயல் வராது என்றே நம்பியிருந்தோம். 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரைத் தாக்கியது யார் நினைவிலும் இல்லை.

நள்ளிரவுக்குப் பிறகு ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அழைப்பு. நுரையீரல் நோயுள்ள பாட்டி, ஆக்ஸிஜன் மெஷினில் இருப்பவர். கரண்ட் போய்விட்டது. பத்து நிமிடப் பாதைதான். பாதி வழியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. மாற்று வழியில் தண்ணீர். டிரைவர் அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நடு டயருக்கு மேல ஏறுது தம்பி. வண்டி நின்னுச்சுன்னா நம்மளத் தூக்க இன்னொரு வண்டி வரணும்."

பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், ரம்பத்தோடு வரும்வரை போனில்தான் வைத்தியம். பாட்டியை உட்கார வைத்து, மேசைமேல் முன்சாய்ந்துகொள்ள வைக்கச் சொன்னேன். உபரி சிலிண்டர் தீபாவளி முறுக்கு டின்களுக்குப் பின்னால் இருந்தது. பேரனுக்கு அதைத் திறக்கும் சாவி கிடைக்கவில்லை. கடைசியில் மோட்டார் சைக்கிள் ஸ்பேனரால் திருகினான். 'உஸ்' என்ற சத்தம் எனக்கும் கேட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாட்டி எங்களைத்தான் திட்டினார். சரி, திட்டும் அளவுக்கு மூச்சு இருந்ததே!

அமெரிக்காவில் சூறாவளி அடிக்கும் பல ஊர்களில், காற்று மணிக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டரைத் தாண்டித் தொடர்ந்து வீசினால் ஆம்புலன்ஸை நிறுத்திவிடுவார்கள். அழைப்புகள் வரிசையில் காத்திருக்கும். முதலில் கேட்டபோது கல்நெஞ்சம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எங்களுக்கு அப்படி ஓர் அளவை யாரும் சொன்னதில்லை. போவதா நிற்பதா என்பது அண்ணன் தலையில். பிறகு ஒரு கூட்டத்தில் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள்.

அன்றிரவு, அதிகாலை 3 மணிவாக்கில் பினாங்கு முதலமைச்சர் ராணுவ உதவி கேட்டார். மாநிலத்தில் 7 பேர் இறந்தார்கள். செய்தியில் வந்தது அதுதான். எங்களை உலுக்கியது அடுத்தடுத்த நாட்கள். மரம் வெட்டப் போய் விரலை வெட்டிக்கொண்டவர்கள், இன்சுலின் நனைந்துபோனவர்கள், அப்புறம் டயாலிசிஸ் தவறியவர்கள். கால் வீங்கிய ஒரு பெரியவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கேட்டார்: "தம்பி, சனிக்கிழமை முறை போச்சு. இன்னைக்கு யாராச்சும் இடம் தருவாங்களா?" வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று டயாலிசிஸ் மையங்களுக்கு போன் போட்டேன். மூன்றாவதில்தான் இடம் தந்தார்கள்.