தூக்கிவிடாத கை

இன்று காலை ஒரு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) கூடத்தில், இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஓர் இளைஞர் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறப் பழகிக்கொண்டிருந்தார்.

சிகிச்சையாளர் அவரைத் தூக்கிவிடவில்லை.

நாற்காலியின் பிரேக்கைப் போடச் சொல்லி, கைகளை எங்கே ஊன்ற வேண்டும் என்பதை மட்டும் காட்டிவிட்டு, எட்டும் தூரத்தில் நின்றுகொண்டார்.

டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துக்கொண்டேன். 1954-ல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்த அவர், வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது; எனக்கென்னவோ அந்த நிலையமே பெரிய விருதாகப் படுகிறது.

முதுகுத்தண்டு முறிந்த ஏழையின் உயிருக்கு, விபத்தில் தப்பிய பிறகும், படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் எமனாக வரக்கூடும். அவற்றைத் தடுக்க அன்றாடம் துணைநிற்பவர்கள் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும்தான். அறுவை சிகிச்சை நிபுணரின் பெயர் நினைவிருக்கும் குடும்பங்களுக்குக்கூட இவர்கள் பெயர் தெரிவதில்லை.

இயன்முறை சிகிச்சை உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையத்தை அமைக்கும் சட்டம் நம் நாட்டில் 2021-ல்தான் வந்தது. மிகத் தாமதம் என்றே சொல்வேன்.