இடுப்பு உயரத்துக்குப் புதுப் பெயிண்ட்

கோத்தகிரியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வெயில் விழுமா என்றுதான் முதலில் கேட்போம். வாடகையெல்லாம் அப்புறம். வெயில் படாத வீட்டில் மழைக்காலத்துத் துணி ஒரு வாரம் ஆனாலும் காயாது, பீரோவுக்குள் பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும், சுவர் கறுத்துப்போகும். அதை மறைக்க வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்துவைத்திருப்பார். அதனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எனக்குக் கை முதலில் சுவருக்குப் போகும். அந்தப் பழக்கத்தோடுதான் 2025 ஜூனில் கடலூர் வந்து இறங்கினேன்.

வங்கி வேலை, மாற்றல். பத்து நாளில் சேரச் சொல்லிவிட்டார்கள். மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும், ஆடி பிறந்துவிட்டால் ஆவணி வரைக்கும் நான் லாட்ஜில்தான். முதலில் நான் மட்டும் வந்தேன். ஊர்ப் பெயர்களே இரண்டு நாள் குழப்பின. பஸ் நிலையம் இருக்கிற திருப்பாதிரிப்புலியூரை எல்லோரும் திருப்பாப்புலியூர் என்கிறார்கள். நான் அது வேறு ஊர் என்று நினைத்து ஆட்டோக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புரோக்கர் அண்ணன் போனில் கேட்ட முதல் கேள்வி, "ஓ.டி.யா, என்.டி.யா சார்?" ஓ.டி. என்றால் துறைமுகம் பக்கம் இருக்கிற பழைய ஊர், என்.டி. என்றால் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கம் என்று அவர்தான் விளக்கினார். எல்லா வழியும் "அந்தாண்ட போயி இந்தாண்ட திரும்பு"தான்.

கிளையில் இரண்டு பேர், பேசாமல் பாண்டியில் வீடு எடுங்கள், இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தானே, நாங்களே அங்கிருந்துதான் வருகிறோம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அரியாங்குப்பம் வரை போய்ப் பார்த்தேன். வீடு நன்றாக இருந்தது, வாடகைதான் மூவாயிரம் கூட. ஆனால் முள்ளோடை தாண்டினால் வேறு அரசாங்கம். ரேஷன் கார்டு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம், அம்மாவின் காப்பீட்டு அட்டை எல்லாம் தமிழ்நாட்டுடையவை. இன்னொரு மாற்றல் வந்தால் எல்லாவற்றையும் மறுபடி திருப்ப வேண்டும். வேண்டாம் என்று விட்டேன்.

முதலில் காட்டிய வீடு தேவனாம்பட்டினம் போகிற வழியில். மாடியில் நின்றால் கடல் காற்று. மலையிலிருந்து வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். துரு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. குழாயைத் திறந்து கை கழுவினால் சோப்பு நுரைக்கவே இல்லை. "போர் தண்ணி லைட்டா உப்பு சார், குடிக்கத்தான் கேன் வாங்கிக்கிறோமே" என்றார் அண்ணன். குடிக்க கேன் சரி. பருப்பு வேக? அம்மாவுக்குத் தலை குளிக்க? அன்றிலிருந்து சட்டைப் பையில் லாட்ஜ் சோப்பு ஒன்றை வைத்துக்கொண்டே வீடு பார்த்தேன். அண்ணன் சிரித்தார். சிரிக்கட்டும்.

இரண்டாவது வீடு தென்பெண்ணை ஆற்றுப் பக்கம். தனி வீடு, கீழ்த்தளம், இரண்டு படுக்கையறை, வாசலில் மாமரம், வாடகை 7,500. இவ்வளவு குறைவாக ஏன் என்று தோன்றியதுதான், ஆனால் மாமரம் கண்ணை மறைத்தது. உள்ளே போனதும் கை தன்னால் சுவருக்குப் போனது. புதுப் பெயிண்ட், வழவழப்பாக இருந்தது. ஆனால் இடுப்பு உயரத்துக்கு மட்டும். அதற்கு மேலே அதே பச்சை, கொஞ்சம் வெளுத்து, பழசாக. அறைக்கு அறை அப்படித்தான். பிளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. கீழே பழைய பெட்டி இருந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். சமையலறையில் ஃபிரிட்ஜ் வைக்க ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் திண்டு. "டைப்பா கட்டியிருக்காங்க சார்" என்றார் அண்ணன்.

மலையில் சுவரைப் படித்தவனுக்கு இது தெரியாதா? பூஞ்சையை மறைப்பவன் திட்டுத் திட்டாக அடிப்பான், கோடு போட்ட மாதிரி அடிக்க மாட்டான். கோடு போடுவது தண்ணீர்தான்.

தெரு முனை இஸ்திரி வண்டிக்காரரிடம் சட்டையைக் கொடுத்து நின்றேன். கேட்டவுடனே சொல்லிவிட்டார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது இந்தத் தெருவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லையாம். "மழை விட்டப்புறம்தான் சார் தண்ணி வந்துச்சு. சாத்தனூர் டேமைத் தொறந்துட்டாங்க. வண்டிய மட்டும் தள்ளிக்கிட்டு ஓடுனேன்." டிசம்பர் 2 விடியற்காலை அந்த அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள் என்று செய்தியில் நானும் படித்தவன்தான், கோத்தகிரியில் கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து அணைத் தண்ணீர் இந்த வீட்டுச் சமையலறைக்கு வரும் என்று அப்போது எப்படித் தோன்றும்? 2009 நவம்பரில் எங்கள் மலையில் மண் சரிந்து ஆட்கள் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே தண்ணீர் இடித்துக்கொண்டு போய்விடும், நிற்காது. நிற்கிற தண்ணீர் எனக்குப் புதுசு.

அதற்கப்புறம் நான் கேட்கிற முதல் கேள்வி மாறிவிட்டது. வெயில் விழுமா என்பது போய், 2015-லும் போன டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. இஸ்திரிக்காரர், பால் போடுகிறவர், எதிர் வீட்டுத் திண்ணைப் பாட்டி, இவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். பாட்டிகள் 'தானே' புயலையும் சேர்த்துச் சொல்வார்கள். 2011 டிசம்பரில் எந்த வீட்டு ஓடு எங்கே போய் விழுந்தது என்பது வரைக்கும்.

மூன்றாவது வீட்டைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. நல்ல வீடு. தண்ணீர் ருசி, சுவரில் கோடில்லை. வீட்டுக்காரர் காபி கொடுத்து, சொந்த ஊர் எது, அங்கே எந்தப் பக்கம், அசைவம் உண்டா என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். பாங்க் ஆளுங்க என்றேன். மறுநாள் அண்ணனுக்குப் போன் வந்தது, மச்சினனுக்கே வீட்டைக் கொடுத்துவிட்டார்களாம். டு-லெட் பலகை அதற்கப்புறமும் பல நாள் தொங்கியது. தினமும் அந்த வழியாகத்தான் ஆபீஸ் போனேன்.

நாலாவது வீடு புதுப்பாளையத்தில், மாடி. கீழே வீட்டுக்கார அம்மா மட்டும். எழுபது வயதுக்கு மேல். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவர் சொன்னார், "தம்பி, முன்னாடியே சொல்லிடறேன். தெருவுல தண்ணி நிக்கும். மூணாவது படி வரைக்கும் வந்திருக்கு. வூட்டுக்குள்ள வந்ததில்ல. வண்டிய மட்டும் மேட்டுல விட்டுக்கணும்." இறங்கிப் போய்ப் படியைப் பார்த்தேன். மூன்றாவது படியில் பாசிக் கறை இருந்தது. அதை அவர் தேய்த்துக் கழுவவில்லை. எனக்கு அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. சரி, சோப்பு மட்டும் போட்டுப் பார்த்தேன். நுரைத்தது.

வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000 என்றார். தமிழ்நாட்டில் 2019-லிருந்து நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். "சட்டம் எனக்குத் தெரியாது தம்பி, போன ஆளு ஆறு மாசம் வாடகை கொடுக்காம ஓடிட்டான், அந்தச் சட்டம் அன்னைக்கு எங்க போச்சு?" என்றார். பதில் இல்லை. 35,000-க்கு முடித்தோம். பதினோரு மாத ஒப்பந்தம் டைப் அடித்து வந்தபோது, காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற வரிதான். நான் ஒன்றும் சொல்லாமல் நாலு அறைச் சுவரையும் போனில் வீடியோ எடுத்து, வீட்டுக்கார அம்மாவின் மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவைத்தேன். மின்சாரத்துக்கு மட்டும் வாதாடினேன். ஒரே மீட்டர், மாடிக்குச் சப்-மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றார்கள். தனி இணைப்பு கேட்டு எழுதிப்போட்டோம், வர மூன்று மாதமானது. புரோக்கர் அண்ணனுக்கு ஒரு மாத வாடகை. சோப்பையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

காஸ் இணைப்பை மாற்றுவது சுலபமாகவே முடிந்தது. கோத்தகிரியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கினேன். பழைய டெபாசிட் 1,450 திரும்பி வந்தது. இங்கே புதிய கணக்கில் சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250 கட்டினேன். ரேஷன் கார்டில் முகவரி மாற்றம் ஆன்லைனில் போட்டதுதான், நடுவில் ஒரு மாதம் மட்டும் அரிசி வாங்க முடியாமல் போனது.

சாமான் வந்தது ஒரு மினி லாரியில். மேட்டுப்பாளையம் இறங்கி, அவிநாசி, சேலம், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விடியற்காலை வந்து நின்ற லாரியிலிருந்து இறக்கினார்கள்: கம்பளி பதினொன்று, ரஜாய் ஆறு, ரூம் ஹீட்டர் இரண்டு, பூஞ்சைக்காக அலமாரியில் போட்டுவைக்கிற கரித்துண்டு ஒரு மூட்டை. இறக்கிய பையன் ஹீட்டரைத் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கு சார்?" என்றான். ஒரு ஃபேன்கூட இல்லை. கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது. பால் காய்ச்சிய அன்று அடுப்பு முன்னால் நின்ற மனைவிக்கு முகமெல்லாம் ஆறாக வேர்த்தது. சாயங்காலமே கடைக்குப் போய் மூன்று ஃபேன் வாங்கினோம். அன்று இரவு மகள் தரையில் நனைத்த துண்டைப் போட்டு அதன்மேல் படுத்துக்கொண்டு, "அப்பா, இங்க குளிர்காலம் எப்ப வரும்?" என்று கேட்டாள். வராது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் பெரிய மழை அன்று இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார் வீட்டுக்கார அம்மா. கையில் ஒரு தகரப் பெட்டி, பின்னால் அவர் மகன், தலையில் அரிசி மூட்டை.

"பத்திரம், பட்டா எல்லாம் இதுல இருக்கு தம்பி. பொங்க வரைக்கும் மேலயே இருக்கட்டும். போன ஆளு ஓடிப்போன வருசம்தான் எங்க வைக்கறதுன்னு தெரியாம தவிச்சிட்டேன்."

ஒப்பந்தத்தில் இல்லாத சரத்து. ஹாலில் கம்பளி மூட்டைமேல் பெட்டியை வைத்தோம். மனைவி டீ போட்டாள். அம்மா குடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, முதல் படி முங்கிடுச்சு என்றார்.