மேரி மவுண்ட்ஜாயிடம் யாரும் கேட்கவில்லை

அரசு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ஷேக்ஸ்பியர் காலத்துக்கு வரும்போது மாணவிகள் இரண்டு நம்பிக்கைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைய இங்கிலாந்தில் எல்லோரும் காதலித்தே கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது ஒன்று. பெண்களுக்குப் பதின்மூன்று வயதிலேயே மணம் முடிந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டுமே நாடகம் தந்தவை. 1538 முதல் எழுதப்பட்டுவந்த தேவாலயப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் சொல்லும் கணக்கு வேறு. அங்கே சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சராசரியாக 25, 26 வயதில்தான் திருமணம். ஆணுக்கு 27, 28. தனிக்குடித்தனம் வைக்கக் காசு சேரும்வரை பையன்கள் தொழில் பழகினார்கள், பெண்கள் பிறர் வீட்டில் ஊழியம் செய்தார்கள்.

இதைச் சொன்னால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள், நம்பமாட்டார்கள். அதனால் நாடகத்தைத் தொடங்குமுன் ஒரு வழக்கை நடத்துகிறேன்.

லண்டன் சில்வர் தெருவில் கிறிஸ்டோபர் மவுண்ட்ஜாய் என்ற பிரெஞ்சுக்காரர் சீமாட்டிகளுக்கான தலை அலங்காரங்கள் செய்துவந்தார். அவரிடம் தொழில் பழகிய ஸ்டீபன் பெலட், 1604-இல் அவர் மகள் மேரியை மணந்தான். தருவதாகச் சொன்ன 60 பவுண்டு வரவில்லை என்று பின்னால் மாமனார்மீது வழக்குத் தொடுத்தான். 1612-இல் அதில் சாட்சி சொன்னவர்களுள் ஒருவர், அந்த வீட்டில் குடியிருந்த வில்லியம் ஷேக்ஸ்பியர். பெண்ணின் தாய் கேட்டுக்கொண்டதால் மாப்பிள்ளையிடம் தான் பேசியதை ஒப்புக்கொண்டார். எவ்வளவு தொகை என்பது நினைவில்லை என்றார். இருவரையும் சம்மதம் சொல்லவைத்து நிச்சயம் செய்தவரே அவர்தான் என்றார் இன்னொரு சாட்சி. இது சிறிய விஷயமில்லை. தேவாலயச் சடங்கு எதிர்பார்க்கப்பட்டது என்றாலும், 'உன்னை மனைவியாக ஏற்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டாலே அந்தத் திருமணம் செல்லும். 1753-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதற்கு முடிவுகட்டியது.

வகுப்பு நிமிர்ந்து உட்காருவது பொருள் பட்டியலை வாசிக்கும்போது. மாமனார் கொடுத்தது இவ்வளவுதான் என்று ஸ்டீபன் அடுக்குகிறான்: பழைய இறகு மெத்தை ஒன்று, மெல்லிய பச்சைக் கம்பளம் ஒன்று, போர்வை இரண்டு, முரட்டுத் துணியில் கைத்துடைப்பான் ஒரு டஜன், பழைய முக்காலி இரண்டு, நூல் முறுக்கும் மரச்சக்கரம் ஒன்று, சிறிய கத்தரிக்கோல் இரண்டு, இப்படி இன்னும் சில. முதலில் சிரிப்பார்கள். பிறகு அடங்கிவிடுவார்கள். தங்கள் அக்காவுக்குப் போட்ட சீர்ப் பட்டியலை மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரியும்.

ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், மேரி என்ன சாட்சி சொன்னாள்?"

அவள் வாக்குமூலம் இல்லை. வீட்டு வேலைக்காரியாக இருந்தவள்கூட வந்து சொல்லியிருக்கிறாள். யாருடைய கல்யாணத்துக்காக இத்தனை பேச்சோ, அவள் வாயிலிருந்து ஒரு வரி கிடையாது. நாடக மேடையில் ஆண்வேடமிட்டு நீதிமன்றத்தில் வாதாடி ஜெயிக்கும் நாயகியை எழுதிய மனிதர் வந்து நின்ற வழக்கு இது. இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கோபம் வருகிறது.

அன்றைய இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி மணமான பெண் தனி ஆளே இல்லை. அவளுடைய பணம், பண்டம், கூலி அனைத்தும் கணவனுடையவை. தன் பெயரில் மட்டும் வழக்குத் தொடுக்கவும் முடியாது. ஆனால் வேலை மட்டும் அவளுக்கு இல்லாமல் போகவில்லை. மேரியின் தாயும் அதே தொழில் செய்தவர். அப்போதைய மன்னர் முதலாம் ஜேம்ஸின் மனைவியான ஆன் அரசியின் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயருக்குப் பணம் கொடுத்த பதிவு இருக்கிறது. 'மனைவி அடங்கியிருந்தாள்' என்று பாடநூல் ஒரே வரியில் கடந்துவிடும் இடத்தில், அரண்மனைக்கே தலை அலங்காரம் செய்து கொடுத்த கைகள் இருந்தன. கணவன் இறந்தால்தான் அப்படிப்பட்ட ஒருத்தி தன் பெயரில் கடை நடத்தவும் ஒப்பந்தம் போடவும் தடையின்றி முடிந்தது. இந்த அம்மாளுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1606-இல் கணவருக்கு முன்பே இறந்துவிட்டார்.

வழக்கு லண்டனிலிருந்த பிரெஞ்சுத் தேவாலய மூப்பர்களிடம் போனது. 20 நோபிள், அதாவது ஏழு பவுண்டுக்கும் குறைவான தொகை, கொடுக்கச் சொன்னார்கள். ஓராண்டு கழித்தும் மவுண்ட்ஜாய் அதைக் கொடுக்கவில்லை.

நீதிமன்றம் ஷேக்ஸ்பியரிடம் ஐந்து கேள்விகள் கேட்டது. அதே அளவில் மேரியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிவரச் சொல்வதுதான் இப்போது நான் கொடுக்கும் முதல் பயிற்சி. தொகையைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. "அந்தச் சக்கரத்தில் உட்கார்ந்து நூல் முறுக்கியது யார்?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.