ஏழாவது ஆள்

1990 அக்டோபர். காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, கணக்கு சார் செய்தித்தாளும் கையுமாக எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குள் வந்தார். பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் முதன்முறையாகக் கபடிக்குப் பதக்கம், தங்கம் நமக்கு. அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தார். இரண்டாம் தடவை குரல் கம்மிவிட்டது. அவரை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை.

சாரும் எங்கள் பள்ளியில் படித்தவர்தான். அந்தக் காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர். 1989இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்து போன பிறகும், முதுகில் 'வட ஆற்காடு' என்று எழுதிய பழைய பனியனோடுதான் சாயங்காலம் மைதானத்துக்கு வருவார். ஆட்டத்தில் பிசகிய வலது ஆட்காட்டி விரல் அவருக்கு மடங்காது. சாக்பீஸைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இடுக்கித்தான் எழுதுவார்.

சட்டைப் பையில் விசிலோடு ஒரு நகவெட்டியும் இருக்கும். களத்தில் இறங்குமுன் ஒவ்வொருவன் விரலையும் பிடித்துப் பார்த்து, அவரே வெட்டிவிடுவார். "அடுத்தவன் உடம்புல கீறல் விழுந்தா அது ஆட்டம் இல்லடா." கோடு போடுகிற நாளில் கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து அடிக்கு முடிச்சுப் போட்டு, முக்கோணமாக இழுத்து மூலைமட்டம் பார்ப்பார். பித்தாகரஸ் எனக்குப் புரிந்தது வகுப்பில் இல்லை, அந்தச் சுண்ணாம்புக் கோட்டில்தான்.

இப்போதெல்லாம் துபாயில் வருஷா வருஷம் நடக்கும் செவன்ஸ் ரக்பி பார்க்கப் போவேன். கபடி மாதிரி அங்கேயும் பக்கத்துக்கு ஏழு பேர். பந்தோடு ஓடுகிறவன் காலை எதிராளி தாவிக் கட்டும்போதெல்லாம் சார் சொல்லிக்கொடுத்த கணுக்கால் பிடி ஞாபகம் வரும். போன முறை அந்த ஆட்டம் பார்க்கும்போது சார் உயிரோடு இல்லை. பாதி ஆட்டத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

பத்தாவதில் அப்பா படுக்கையில் விழுந்தார். நான் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றத் தொடங்கினேன். மூன்று வாரம் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. ஒருநாள் சாயங்காலம் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தால் சார். மடியிலிருந்த முறத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏம்மா, சனிக்கிழமை மேட்ச். ஏழு பேர் வேணும், ஆறு பேர்தான் இருக்கானுங்க. நாளைக்கு இவன அனுப்பி வைம்மா" என்றார். அம்மா என்னைப் பார்த்தார், முறத்தைப் பார்த்தார். "ஒரு ஆளு கொறையுதுன்றாரே, போடா" என்றார்.

மறுநாள் மைதானத்தில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சார் சுண்ணாம்பு டப்பாவை என் கையில் திணித்தார்.

"கோடெல்லாம் அழிஞ்சி கெடக்கு பாரு. கயித்த எடு. மூணு, நாலு, அஞ்சு."