சொன்னதும், சொன்ன குரலும்

திருகோணமலையில் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு முதன்முதலாக அச்சேறுவது பெரும்பாலும் அவர் இறந்த முப்பத்தோராம் நாளில்தான். அன்று வருபவர்களின் கையில் கொடுக்கப்படும் நினைவு மலரில் பிறந்த ஊர், படித்த பாடசாலை, வகித்த பதவிகள், மக்கள் மருமக்கள் பெயர்கள், பின்பக்கங்களில் தேவார திருவாசகங்கள் என்று எல்லாம் இருக்கும். அவர் எப்படிப் பேசினார் என்பது மட்டும் இருக்காது. அந்த மலர் அச்சாவதற்கு முன்னரே அவர்களைத் தேடிப் போய், எதிரே அமர்ந்து, கேட்டுப் பதிவு செய்வது ஐந்து ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. ஊரின் வரலாற்றை வாய்மொழியாகத் திரட்டும் அந்தப் பணியில் நான் கற்றுக்கொண்டவற்றுள் சிலவற்றை, இனி இதே வேலைக்கு வருபவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில், எழுதிவைக்க விரும்புகிறேன்.

வேலையில் சேர்ந்த நாளில் என்னிடம் ஒரு பட்டியல் தரப்பட்டது. ‘உள்ளூர்ப் பிரமுகர்கள்’ என்ற தலைப்பின் கீழ் நாற்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. ஓய்வுபெற்ற அதிபர்கள், ஆலய தர்மகர்த்தாக்கள், வைத்தியர்கள், நகரசபையில் இருந்தவர்கள். பெண்கள் மூவர். மீனவர் வாழும் திருக்கடலூரிலிருந்து ஒருவரும் இல்லை, பறங்கியர் வாழும் பாலையூற்றிலிருந்தும் இல்லை. பட்டியலில் இருந்த எல்லோரும் ஊருக்கு உழைத்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஊர் தன்னிடம் உள்ளதில் எதை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறதோ, அதையே மறுபடியும் கேட்டுவர அனுப்பப்படுகிறேனோ என்ற எண்ணம் அன்றே வந்தது.

முதற் பேட்டி ஓர் ஓய்வுபெற்ற அதிபருடன். ரெக்கோடரை மேசையில் வைத்துச் சிவப்பு விளக்கு எரிந்ததும், சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து சால்வையைச் சரிசெய்துகொண்டார். பிறகு முக்கால் மணி நேரம், திருஞானசம்பந்தர் பாடிய திருக்கோணேஸ்வரத்தையும், குளக்கோட்டன் திருப்பணியையும், 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததையும், அந்தக் கற்களில் எழுந்த கோட்டையையும், 1950இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட திருவுருவங்களையும், 1963ஆம் ஆண்டுக் குடமுழுக்கையும் ஒரு தட்டுத்தடங்கலும் இன்றிச் சொன்னார். அழகான தமிழ். ஆனால் கும்பாபிஷேக மலர்களிலும் பாடசாலை நூற்றாண்டு மலர்களிலும் நான் படித்திராத ஒரு செய்திகூட அதில் இல்லை. அவற்றுட் பலவற்றை எழுதியவரே அவர்தாம்.

புறப்படும் வேளையில், மரியாதைக்காகவே, “சேர், நீங்கள் ஆலங்கேணிப் பிள்ளையல்லவா, டவுனுக்குப் படிக்க எப்படி வந்தீர்கள்?” என்று கேட்டேன். அவர் சால்வையைக் கழற்றிக் கதிரையின் கையில் போட்டார். “பாதையிலதான் பிள்ளை, வேறென்ன வழி?” என்று தொடங்கினார். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாகனங்களையும் ஆட்களையும் நீருக்கு அக்கரை சேர்க்கும் மிதவைப் படகு. பஸ் துறையடிக்கு வந்து நிற்பதும், எல்லோரும் இறங்கி நடந்து ஏறுவதும், பின்னால் வெறும் பஸ் இரும்புத் தகட்டின்மேல் உருண்டு ஏறும்போது எழும் சத்தமும், அந்தச் சத்தத்தைக் கேட்டே பஸ் நிறைந்து வந்ததா காலியாக வந்ததா என்று கடைக்காரர் சொல்லிவிடுவதும், மாரியில் பாதை ஓடாத நாள்களில் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி துறையடியில் நின்ற சிறுவர்களும், அக்கரையில் வைத்தியசாலை இருக்க இக்கரையில் இரவு முழுதும் காத்திருந்த ஒரு தாயும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். இரும்புத் தகட்டின் ஓசையை நாக்கை மேலண்ணத்தில் தட்டி அவர் இரண்டு முறை செய்துகாட்டினார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஓசை தெரியாது. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்த செய்தி வந்த காலை, நான் அந்த ஒலிப்பதிவை எடுத்து மறுபடியும் கேட்டேன். துறையடியில் நின்ற சிறுவர்களைப் பற்றி அவர் சொன்ன இடத்தில் என்னால் தொடர்ந்து கேட்க முடியவில்லை.

அன்றுமுதல் கேள்விகளை மாற்றிக்கொண்டேன். பெரிய சம்பவத்தைப் பற்றிக் கேட்டால் ஊர் முழுவதும் அறிந்த விடைதான் வரும். அது ஏற்கெனவே பலமுறை சொல்லிச் சொல்லி மழுங்கிப்போன விடை. எத்தனை கட்டை தூரம், என்ன விலை, கையில் என்ன இருந்தது, அடுப்பில் என்ன இருந்தது, எந்தச் சத்தம் கேட்டு எழுந்தீர்கள் என்று கேட்டால் மனிதர் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார். அந்தக் கணத்துக்குப் பிறகு வருவதே பதிவு செய்யத்தக்கது என்பது என் அனுபவம்.

டொக்யாட்டில், அதாவது பிரித்தானியக் கடற்படையின் கப்பல் பட்டறையில், பிற்றராக (இயந்திரம் பொருத்துபவராக) வேலை பார்த்த ஒரு பெரியவர் இதற்குச் சாட்சி. 1933இல் பிறந்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒன்பது வயது. குண்டுவீச்சைப் பற்றிக் கேட்டபோது எல்லோரும் சொல்வதையே சொன்னார். வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டேன். உலை கொதித்துக்கொண்டிருந்ததாம்; அரிசி கழுவி வைத்திருந்ததாம்; பன்குளம் பக்கமாக நடந்த வழி முழுவதும், உலை வற்றிப் பானை வெடித்துவிடுமே என்ற கவலைதான் அந்தச் சிறுவனுக்கு இருந்ததாம். பின்பு 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். அந்தத் தளத்தை நம்பியிருந்த ஏராளமான குடும்பங்கள் வருமானத்தை இழந்தன. அதைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் பதில் சொல்லாமல் உள்ளே போய், வெற்றிலைத் தட்டம் அளவான ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள்ளிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மேலே கொளுவுவதற்கு ஒரு துளை, நடுவில் நான்கு இலக்கங்கள். கடைசி இலக்கம் தேய்ந்து மூன்றா எட்டா என்று பிரித்தறிய முடியாமல் இருந்தது. காலையில் வாசலில் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்களாம், பின்னேரம் திருப்பிக் கொளுவிவிட்டு வெளியே வருவார்களாம். “கடைசி நாள் நான் கொளுவேல்ல, கொண்டுவந்திட்டன்” என்றார். பிறகு, “அடுத்த கிழமை டொக்யாட் சங்கு ஊதேல்ல. எங்கட அம்மா உலையை எப்ப வைக்கிறதெண்டு தெரியாமல் நிண்டவா” என்றார். பேசும்போது வில்லையை மேசையில் தட்டிக்கொண்டே இருந்ததால் பதிவு முழுவதும் அந்த ஓசை விழுந்திருக்கிறது. அதை நீக்கித் துப்புரவாக்கித் தரலாம் என்று தொழில்நுட்ப உதவியாளர் சொன்னார். வேண்டாம் என்று மறுத்துவிட்டேன்.

நினைவு பிழைக்கும் இடங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1950இல் நகரசபையினர் கிணறு தோண்டியபோது வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்ட நிகழ்ச்சியை என்னிடம் கூறியவர்களுள் பலர், தாம் கிணற்றடியிலேயே நின்று பார்த்ததாகச் சொன்னார்கள். பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் சிலர் அப்போது கைக்குழந்தைகள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் இருந்த தெய்வம் வெளியே வந்தது என்று வீட்டில் நாள்தோறும் சொல்லக் கேட்டு வளர்ந்தவருக்குக் கேட்டதும் கண்டதும் ஒன்றாகிவிடுகின்றன. நான் எவருடனும் வாதிட்டதில்லை. ‘கிணற்றின் எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், யார் கையைப் பிடித்திருந்தீர்கள்’ என்று மட்டும் கேட்பேன். மனையாவெளியில் ஒரு முதிய ஆசிரியை அதற்கு நெடுநேரம் யோசித்துவிட்டு, “நான் கிணத்தைக் காணேல்ல, மகள். அப்பா ஓடிவந்து சொன்னவர், அம்மா அடுப்பை அணைச்சுப்போட்டுத் தலையில தண்ணி வார்த்தவா, அன்றைக்கு வீட்டில சமையல் இல்லை. அதுதான் நான் கண்டது” என்றார். கிணற்றடிக் கதைகள் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் பேணியிருக்கிறோம். வயது பொருந்தாதவற்றின் அருகே அதைக் குறித்தும் வைத்திருக்கிறோம். இருந்தாலும் அந்தச் செய்தி ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை இவரைப்போல் வேறெவரும் எனக்குக் காட்டவில்லை.

பட்டியலில் இல்லாத பாலையூற்றுக்கு நானாகவே போனேன். போர்த்துக்கேயரின் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. தமிழோடு, வீட்டு மொழியாகப் போர்த்துக்கேயக் கிரியோலையும் பேசியவர்கள். இலங்கையில் அந்த மொழி இன்று முதன்மையாக மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சில வீடுகளில் எஞ்சியிருக்கிறது. எண்பதைத் தாண்டிய ஒரு தாயார், தம் பேச்சை எவரும் பதிவு செய்யக் கேட்டு வந்ததில்லை என்றார். என்னை அமரச் செய்துவிட்டு, வீட்டுக்குள் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகச் சுட்டி, “இது கதிரை, இது மேசை, அது அலுமாரி, இது அதின்ர சாவி, கொடியில துவாய், வாசலில சப்பாத்து. எல்லாம் எங்களிட்ட இருந்து நீங்கள் எடுத்ததுதானே” என்றார். சுட்டிய ஒவ்வொரு பொருளின் பெயரும் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்ததே. நான் அன்று காலை சாப்பிட்ட பாணும் அப்படித்தான். கணவரின் வயலினுக்குத் தாம் பாடிய பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கி, நான்காவது வரியில் நின்றார். மீதி அவருக்குத்தான் தெரியும் என்றார். கணவர் சுனாமிக்கு முந்திய ஆண்டு காலமாகிவிட்டார். அந்தப் பாட்டு எங்கள் சேமிப்பில் மூன்றரை வரிகளோடு இருக்கிறது.

கேட்டதை எழுத்தாக்குவது நான் எதிர்பார்த்ததைவிடக் கடினமான வேலை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏழு மணி நேரம் வேண்டும். திருக்கடலூரில் கரைவலைச் சம்மாட்டியாக இருந்த ஒருவர் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுகளின் பெயரால்தான் ஆண்டைப் பிரித்துப் பேசினார். கோணேஸ்வரம் நிற்கும் சுவாமிமலையையும் அதன் பின்னாலுள்ள மேடுகளையும் குறிவைத்துக் கடலில் தம் இடத்தைக் கண்டுபிடித்த விதத்தைக் கைகளால் காட்டினார். அவருடைய பேச்சை எழுத்தாக்கி அனுப்பியபோது, சம்மாட்டி என்பது ‘வலை உரிமையாளர்’ என்றும், சோளகம் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ என்றும் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. நல்ல தமிழில் இருக்கவேண்டும் என்பதே காரணமாம். சம்மாட்டி என்ற சொல்லுக்குள் வலை மட்டுமல்லாது, வலை இழுப்பவர்களின் கடனும், மீன் படாத நாளில் அவர்களின் வீட்டு அடுப்பும் அடங்கியிருக்கின்றன. இந்த ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று கூட்டங்களுக்குப் பின் பேசியது பேசியபடியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

சில வீடுகளில் ரெக்கோடரை நிறுத்தவேண்டியிருந்தது. எண்பதுகள் வந்ததும், அல்லது போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களாயின் 2006 வந்ததும், “இதைக் கொஞ்சம் நிற்பாட்டுங்கோ” என்பார்கள். நிறுத்திவிட்டு, நிறுத்தியதை அவர்கள் காணும்படி கருவியைப் பைக்குள் வைத்துவிடுவேன். பிறகு அவர்கள் சொன்னவற்றை நான் எங்கும் எழுதவில்லை, இங்கும் எழுதப்போவதில்லை.

இப்போது பதிவு முடிந்த அன்றே மூன்று பிரதிகள் எடுக்கிறோம். ஒன்றை அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுகிறோம். மற்றொன்று, சம்மதம் இருந்தால், 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்களுக்குப் போகிறது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, ஒரே இடத்தில் எதையும் வைக்கலாகாது என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் எங்கள் முதல் இரண்டு ஆண்டுப் பதிவுகள் ஒரே ஒரு வன்தட்டில், ஓர் அலுவலக அலுமாரியில் இருந்தன. இரண்டாம் பிரதிக்காக நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஒரு நாள் அந்த வன்தட்டு திறக்கவில்லை. பதினோரு பேருடைய குரல்கள் போயின. கடிதம் எழுதியதோடு நிற்காமல் என் சொந்தப் பணத்தில் ஒரு வன்தட்டு வாங்கியிருக்கலாம் என்பது இன்றும் எனக்கு ஆறாத வேதனை.

அந்தப் பதினொருவருள் ஒருவர் கிராமத்து மருந்தகத்தில் பணியாற்றிய அப்போதிக்கரி. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் திருகோணமலையைத் தாக்கிய நாளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். வன்தட்டு பழுதான செய்தியை அவரிடம் சொல்லி மீண்டும் பதிவு செய்ய நான் நாள் குறித்திருந்த கிழமையில் அவர் காலமானார். மகள் என்னைத் தேடி வந்தார். முப்பத்தோராம் நாளுக்கு அப்பாவின் குரலைப் போடவேண்டும், கொஞ்சமாவது தரமுடியுமா என்று கேட்டார். என்னிடம் இருந்தது நான்கு பக்கக் குறிப்பு மட்டும். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மருந்தகத்தின் கூரை போனதும், அப்போதிக்கரி மருந்து அலுமாரியைச் சுவரோடு சேர்த்துத் தம் முதுகால் அணைத்துக்கொண்டு விடியும்வரை நின்றதும், விடிந்தபோது உடையாமல் எஞ்சிய போத்தல்களை எண்ணியதும் அதில் இருந்தன. இந்தக் கதையை வீட்டில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்றார் மகள். கொப்பியை வாங்கி அந்தப் பக்கத்தைத் தாமே ஒருமுறை வாசித்தார். பிறகு, “அப்பா இதைச் சொல்லேக்க சிரிச்சவரா?” என்று கேட்டார்.

நான் குறிப்பைத் திரும்பப் பார்த்தேன். அதை எழுதியிருக்கவில்லை. எவ்வளவு முயன்றும் எனக்கு நினைவு வரவில்லை.